அந்தப் பெயருக்கு ஆள் இருக்கிறான்

பொக்ஸ் ஹில், மெல்பேர்ண்
3-6-2012

அன்புள்ள அம்மாவுக்கு,

தர்சினி எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்று மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் நீங்கள் "சாப்பிட்டியோ, சுகமோ" என்று கேட்க, நான் "ஓம்" என்று சொல்ல, வைத்துவிட்டீர்கள். என் கலியாணம் முடிந்து இரண்டரை வருடம். அந்த இரண்டு கேள்விகளுக்கு அப்பால் நாங்கள் போகவில்லை. கடிதம் என்றால் கடைசி வரி வரை வாசிப்பீர்கள். எதையும் அரைவாசியில் விடுகிற பழக்கம் உங்களுக்கு இல்லை.

எனக்கு ஆறு மாதம். உங்கள் பக்கத்து வீட்டுக் கமலினி அக்கா சொல்லியிருப்பா. செப்ரெம்பர் நடுவில் பிறக்கும். ஆண்பிள்ளை என்று ஸ்கானில் தெரிந்தது.

மத்தியாஸின் ஆட்கள் ஜெர்மனியிலிருந்து தென் அவுஸ்திரேலியாவுக்கு வந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல். இப்போது வீட்டில் ஜெர்மன் கதைப்பவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு பழைய ஜெர்மன் வேதாகமம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில், பிறந்த ஆண்பிள்ளைகளின் பெயரெல்லாம் மையால் எழுதியிருக்கிறது. மூத்த பேரனுக்கு அதிலிருந்து ஒரு பெயர் எடுப்பது அவர்கள் வழக்கம். மத்தியாஸின் அம்மா ஊர்சுலா மாமி அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் விரித்து, நான்கு பெயர்களைக் காட்டினார். லுட்விக், கெர்ஹார்ட், ஹைன்ரிஹ், கொட்பிரீட். எது பிடிக்கிறதோ அது என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பிள்ளைக்கு அண்ணாவின் பெயர். அருந்தவன். மத்தியாஸ் ஒத்துக்கொண்டார். வேலைக்குப் போகும்போது காரில் சொல்லிப் பழகுகிறார். மாமி புத்தகத்தைத் திரும்பவும் துணியில் சுற்றினார்.

உங்களுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன். பதில் எழுதுங்கள்.

மகள்
தர்சினி


சிவமயம்
கிரவீன், சிட்னி
11-6-2012

மகள் தர்சினிக்கு அம்மா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கமலினி சித்திரையிலேயே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமையும் உனக்காக விரதம். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு போடாதே, தோடம்பழச் சாற்றோடு போடு. கால் வீங்கினால் உடனே காட்டு.

பெயர் விஷயம். அது வேண்டாம். அந்தப் பெயருக்கு ஆள் இருக்கிறான்.

இருக்கிற ஆளின் பெயரைப் பிறக்கிற பிள்ளைக்கு வைப்பது எங்கள் வீட்டில் இல்லை என்று உனக்குத் தெரியும். போனவர்களின் பெயரைத்தான் வைப்பது. அப்படியானால் அப்பாவின் பெயரை வைக்கலாமே என்று கேட்பாய். அப்பா போய் ஐந்து வருடம், உண்மை. ஆனால் தருமராசா என்ற பெயர் மகன்வழிப் பேரனுக்குப் போகவேண்டியது. அதை அண்ணாவுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

2009 சித்திரையில் வன்னியிலிருந்து அவன் கடைசியாகப் போன் எடுத்த நாளிலிருந்து நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் கொப்பியில் திகதிவாரியாக இருக்கின்றன. செஞ்சிலுவைச் சங்கம், இங்குள்ள எம்பி, அங்குள்ள ஆணைக்குழு, ஆயர் என்று எழுபத்திரண்டு கடிதம். பதில் ஒன்பது. எழுபத்து மூன்றாவதை வியாழக்கிழமை போடுவேன். இதற்கிடையில் நீ அவன் பெயரை எடுத்துப் பிள்ளைக்கு வைத்தால் நான் எழுதுவதற்கு என்ன அர்த்தம்?

அந்த நான்கு ஜெர்மன் பெயர்களில் ஒன்றை வை. அந்த அம்மாவின் மனதையும் ஏன் நோகடிக்கவேண்டும்.

அம்மா
தருமராசா புஸ்பராணி


பொக்ஸ் ஹில்
20-6-2012

அம்மா,

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். எனக்கு விளங்கியது ஒன்றுதான். வெள்ளைக்காரனின் பிள்ளை அண்ணாவின் பெயரைச் சுமக்கத் தகுதியில்லை.

நேராகச் சொல்லியிருக்கலாம். கலியாணத்துக்கும் இப்படித்தான். "தோழனாய் நிக்க அண்ணன் இல்லாமல் என்ன கலியாணம், அவன் வரட்டும்" என்றீர்கள். எத்தனை வருடம் என்று நான் கேட்க, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். இங்கே கோயிலில் மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் வந்தபோது ஐயர், "பொம்பிளையின்ரை சகோதரன் எங்கை?" என்று மூன்று தரம் கூப்பிட்டார். கடைசியில் மாமியின் தம்பிதான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செம்பைக் கவிழ்த்துத் தன் காற்சட்டையை நனைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் கதிரை வெறுமையாக இருந்தது.

ஊர்சுலா மாமி எந்தப் பெயரையும் என்மேல் திணிக்கவில்லை. திணிப்பது நீங்கள். அவர்களுடைய பெயரை, அவர்களுக்காக!

பிள்ளை அருந்தவன்தான். நீங்கள் அப்படிக் கூப்பிட விருப்பமில்லை என்றால் கூப்பிடவேண்டாம்.

தர்சினி


சிவமயம்
கிரவீன்
2-7-2012

மகள்,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். இந்த நேரத்தில் கோபம் கூடாது. ஆனால் நீ எழுதியதற்குப் பதில் எழுதாமல் விடமாட்டேன்.

மருமகன் வெள்ளைக்காரன் என்பதற்காக நான் வராமல் இருக்கவில்லை. அன்றைக்கு அந்த ஐயர் கூப்பிட்டார் என்றாயே, பெண்ணின் சகோதரன் எங்கே என்று. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் கதிரையில் இருந்திருக்க முடியாது. அதற்காகத்தான் வரவில்லை. இதை அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லத் தெரியவில்லை.

உன் நான்கு பெயர்களையும் எழுதிக்கொண்டு லைப்ரரிக்குப் போனேன். அங்கே வேலைசெய்யும் பிள்ளை பழைய ஜெர்மன் பெயர்களுக்கு ஒரு புத்தகம் எடுத்துத் தந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பின்னேரம் இருந்து பார்த்தேன். அவர்களுடைய பெயர்களில் பாதி ஓநாயும் கரடியும், மீதி ஈட்டியும் படையும். லுட்விக் என்றால் பேர்பெற்ற போர். கெர்ஹார்ட் என்றால் ஈட்டியில் வலியவன். ஹைன்ரிஹ் வீட்டை ஆளுகிறவன், பரவாயில்லை. கொட்பிரீட் என்றால் கடவுள், அமைதி. இரண்டும் ஒரே பெயருக்குள். நான் அதையே இரண்டு தரம் பார்த்து எழுதிக்கொண்டேன்.

கமலினியிடம் சொன்னேன். "கொட்பிரீட்டோ? அன்ரி, அது ஏதோ பிஸ்கட்டின்ரை பெயர் மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள். "உன்ரை மகனுக்கு நீ வைச்ச பெயரை ஐயராலையே சொல்ல ஏலாமல் கிடந்தது, நீ கதையாதை" என்றேன்.

அண்ணாவின் பெயரை மட்டும் விட்டுவிடு, மகள். அவன் ஒருநாள் வந்து கதவைத் தட்டினால், "என்ரை பெயரை ஏன் எடுத்தனீங்கள், என்னைச் செத்தவனெண்டோ நினைச்சனீங்கள்" என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் யாரையும் கெஞ்சி நீ பார்த்திருக்கமாட்டாய்.

அம்மா


பொக்ஸ் ஹில்
15-7-2012

அம்மா,

இதை எழுதக்கூடாது என்று ஒரு வருடமாக இருந்தேன். கடிதத்தைப் பிரிக்கும்போது நீங்கள் தனியாக இருந்தால் கமலினி அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

விஜிதரன் என்று ஒரு பொடியன். கிளிநொச்சியில் அண்ணாவிடம் கணிதம் படித்தவன். படகில் வந்து, கிறிஸ்மஸ் தீவு அகதி முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து, விட்டபிறகு இங்கே டன்டினோங்கில் சாமான் பொதிசெய்யும் வேலைக்கு வந்தான். போன வருடம் ஆடியில் யாரோ சொல்லி, நானே அவனைத் தேடிப் போனேன்.

"அருந்தவன் சேரைக் கடைசியா எங்கை கண்டனி?" என்று கேட்டேன்.

"அக்கா, அதை மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ" என்றான்.

"கேக்கிறன்" என்றேன்.

2009 மே பதினாலாம் திகதி, வியாழக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரம். வட்டுவாகலுக்கு இந்தப் பக்கம். அண்ணா சனங்களைப் பங்கருக்குள் இறக்கிக்கொண்டு நின்றாராம். கடைசியாக அவர் இறங்கவேண்டும். இறங்கவில்லை. ஷெல் விழுந்தது. நீண்டநேரம் வலியோடு கிடக்கவுமில்லை, அம்மா. அதை நான் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். விஜிதரனும் இன்னொருவரும்தான் கையால் மண் தோண்டினார்கள். அண்ணாவின் மூக்குக்கண்ணாடி உடையாமல் இருந்ததாம். அதைக் கழற்றி, துடைத்து, அவருடைய சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் மூடினானாம். "சேருக்குக் கண்ணாடி இல்லாமல் ஒண்டும் தெரியாதெல்லோ அக்கா" என்றான்.

நான் வெளிக்கிடும்போது, "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ தாங்கமாட்டா" என்றான். நானும் அதையேதான் நினைத்தேன். நீங்கள் எழுதுகிற கடிதங்களை எப்படி நிறுத்தச் சொல்லுவேன்? அதனால்தான் அம்மா இந்தப் பெயர். அண்ணா போனதை உங்களுக்கு வாயால் சொல்ல முடியவில்லை. பெயரை வைத்தால் நீங்களாக மெல்ல மெல்ல விளங்கிக்கொள்ளுவீர்கள் என்று நினைத்தேன். அது எவ்வளவு கோழைத்தனம் என்று இப்போது தெரிகிறது.

என்னை மன்னியுங்கள். போன் எடுங்கள். ஒன்றும் கதைக்காவிட்டாலும் எடுங்கள்.

தர்சினி


சிவமயம்
கிரவீன்
28-7-2012

என் மகளுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள். போன் எடுத்தால் குரல் வராது என்று எடுக்கவில்லை. இதற்குள் நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று தெரியும்.

விஜிதரன் முதலில் வந்தது என்னிடம்.

போன வருடம் தைப்பூசத்தன்று. முகாமிலிருந்து விட்ட புதிதில் இங்கே பெண்டில் ஹில்லில் ஒரு அறையில் இருந்தான். கோயிலில் என்னைத் தேடிப் பிடித்து, "அன்ரி, நான் சேரிட்டைப் படிச்சனான்" என்றான். முகத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. தேர் வீதியில் ஒரு ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னான். திகதி, நேரம், இடம், எல்லாம் நீ எழுதியபடிதான். சொல்லி முடித்ததும் அவனைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய், முருகனுக்கு முன்னால் சத்தியம் வாங்கினேன். "என்ரை மகளுக்கு இதைச் சொல்லக்கூடாது. அவள் இப்பதான் கலியாணம் முடிச்சவள். ஒரு பிள்ளை தங்கவேணும். இதைக் கேட்டால் அவள் உடைஞ்சு போவாள்." அவன் சத்தியம் பண்ணினான். பிறகு நீ தேடிப்போய்க் கேட்டிருக்கிறாய். பாவம், அவன் எப்படி இல்லை என்பான். எனக்குத் தெரியும் என்பதை மட்டும் உனக்குச் சொல்லாமல் காப்பாற்றியிருக்கிறான்.

மூக்குக்கண்ணாடி விஷயத்தை எனக்கு அவன் சொல்லவில்லை. உன்னிடமிருந்துதான் தெரியும். அவனைப் பற்றி இனி எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவராது என்று நினைத்திருந்தேன். வந்திருக்கிறது.

அப்படியானால் கடிதங்கள் ஏன் என்று கேட்பாய். நான் நிறுத்தினால் நீ ஏன் என்று கேட்பாய் அல்லவா? அதனால் எழுதினேன். அது ஒரு பாதி. மற்றப் பாதி, எழுதும்போது முதல் வரியில் "எனது மகன் அருந்தவன்" என்று எழுதவேண்டியிருந்தது. அதற்காகவும் எழுதினேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வித்தேன். அர்ச்சனை இருக்கிறவர்களுக்குச் செய்வது. மறுபக்கம், மாதாமாதம் தேய்பிறைப் பஞ்சமியில் ஒருநேரச் சாப்பாட்டோடு இருந்தேன். அது அவனுடைய திதி. வெள்ளிக்கிழமை இருக்கிறான், பஞ்சமியன்று இல்லை. ஒன்றரை வருடம் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோனேன். முருகன் முன்னால் நின்று பொய் சொன்னேன். அதற்குரியதை அவர் தரட்டும்.

உன்னிடம் அவன் பெயரை விடச்சொல்லிக் கெஞ்சியதும் அதனால்தான். நீ அதை வைக்க நான் சம்மதித்தால், அவனைப் போனவனாக ஒத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

இப்போது தடையில்லை. அருந்தவன் என்று நீ வைக்கலாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உன் விருப்பம். உன் கடிதம் வந்த மறுநாள் ஒரு தாளை எடுத்து எனக்குப் பிடித்த ஆண்பிள்ளைப் பெயர்களை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒருவர் வந்து நின்றார். குகன் என்றால் பெரியண்ணையின் இளையவன். செந்தூரன் என்றால் நம் முன்வீட்டுப் பிள்ளை. இளங்கோ, சத்தியன், தயாபரன், எதைத் தொட்டாலும் ஒருவன். முப்பது வயதைக் கண்டவன் ஒருவனும் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

பிள்ளை பிறக்கும்போதே இந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றவேண்டாம் மகள். அண்ணாவை நீயும் நானும் சுமப்போம். அது எங்கள் வேலை. பிள்ளைக்கு வேறு பெயர் இருக்கட்டும்.

உன் மாமியிடம் ஒன்று கேட்டு எழுது. அந்த நான்கு பெயர்களையும் வைத்திருந்தவர்கள் எத்தனை வயது வரை இருந்தார்கள்?

அம்மா


பொக்ஸ் ஹில்
9-8-2012

அம்மா,

நேற்று நீங்கள் போன் எடுத்து, ஒன்றும் சொல்லாமல், நான் அழுது முடியும் வரை பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். அதற்கு நன்றி. இன்றைக்கு எழுதலாம் போல் இருக்கிறது.

விஜிதரனிடம் சொன்னேன். இரண்டு பேருக்கும் தெரியும் என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, "இனி நான் நித்திரை கொள்ளலாம் அக்கா" என்றான்.

மாமியைக் கூப்பிட்டு, உங்கள் கேள்வியைக் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானே அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு புத்தகத்தை எடுத்து விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். லுட்விக் காய்ச்சலில் மூன்று வயதில். கெர்ஹார்ட் சண்டைக்குப் போய் நியூகினியில், இருபத்திரண்டு வயது. ஹைன்ரிஹ் குதிரையிலிருந்து விழுந்து நாற்பதில்.

கொட்பிரீட் மாமியின் அப்பா. திராட்சைத் தோட்டக்காரர். பதினொரு பிள்ளைகளில் ஒன்பதாவது. தொண்ணூற்றொரு வயது. அன்றைக்குக் காலையிலும் கத்தரிக்கோலோடு தோட்டத்துக்குப் போனாராம். மத்தியானம் மேசையில் இருந்து, "சூப்புக்கு உப்புக் காணாது" என்று மாமியை ஏசினாராம். பிறகு போய்ப் படுத்தார். தன் வீட்டில், தன் கட்டிலில். மாமி இதைச் சொல்லும்போது சிரித்தார். "பொய், உப்புச் சரியாத்தான் இருந்தது" என்றார்.

மத்தியாஸும் நானும் கதைத்தோம். நீங்கள் சொல்லுங்கள் அம்மா. நீங்கள் சொல்லுவதை வைக்கிறோம்.

தர்சினி


சிவமயம்
கிரவீன்
21-9-2012

என் மகளுக்கும் மருமகனுக்கும் அம்மாவின் ஆசீர்வாதம்.

பேரன் பிறந்த செய்தி சொல்லி மருமகன் தானே போன் எடுத்தார். "அம்மா" என்று தமிழில் கூப்பிட்டார். மூன்றரைக் கிலோ என்றார். கேட்டுக்கொண்டே கொப்பியில் எழுதினேன்: கொட்பிரீட், 14-9-2012, வெள்ளி, காலை 6.40.

ஆவணியில் உனக்குப் போனில் ஒரு சொல்லில் முடித்ததை இப்போது விரித்து எழுதுகிறேன். அந்தப் பெயரை வை என்று நான் சொன்னது புத்தகத்தில் பார்த்த அர்த்தத்துக்காக மட்டும் இல்லை. அர்த்தம் நல்லதுதான். ஆனால் பேர்போன அர்த்தமெல்லாம் வைத்த எங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தோம். எனக்கு வேண்டியது தொண்ணூற்றொரு வயது. உப்புக் காணாது என்று குறை சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கிற ஒரு முடிவு. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது வாய்க்கவில்லை, அப்பாவுக்கும் இல்லை. அது அந்தப் பெயரில் இருக்கிறது. அவர்கள் மனமுவந்து தருகிறார்கள். வாங்கிக்கொள்ளுவோம்.

இந்த மாதப் பஞ்சமிக்கு அண்ணாவுக்குச் செய்யவேண்டியதை ஐயரை வைத்துச் செய்தேன். பிள்ளை இல்லாதவனுக்கு யார் தண்ணீர் வார்ப்பது என்று ஐயர் கேட்டார். விஜிதரன் பஸ் ஏறி மெல்பேர்ணிலிருந்து வந்திருந்தான். "நான் சேரின்ரை மாணவன், எனக்கு உரிமை இல்லையோ ஐயா?" என்று கேட்டான். "தாராளமா இருக்கு" என்றார். வார்த்தான். அன்று பின்னேரம் வீட்டில் சோறு போட்டேன். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் இனி அண்ணாவின் பெயர் இல்லை.

முப்பத்தோராம் நாள் ஒக்ரோபர் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. துடக்குக் கழித்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக வருகிறேன். ரெயிலில் இடம் எடுத்தாயிற்று. பிள்ளைப்பேற்றுப் பத்தியத்துக்குச் சரக்குத்தூள் இடித்துக் கொண்டுவருகிறேன், அதுவரை கடைத்தூளை வாங்கிச் சாப்பிடாதே. உன் மாமியை என் பக்கத்தில் இருத்து. அந்தப் பெயரைப் பிழையில்லாமல் சொல்ல அவவிடம் போனில் நான்கு நாளாகப் பழகுகிறேன். முதல் எழுத்தை அடித்துச் சொல்லவேண்டுமாம். "நொட் பாட், நொட் பாட்" என்கிறா. நன்றாக இருக்கிறது என்று சொல்ல இன்னும் மனம் வரவில்லைப் போல.

எங்கள் வழக்கப்படி பிள்ளையின் பெயரைக் காதில் மூன்று தரம் சொல்லவேண்டியது தாய்மாமன். ஐயர் கூப்பிடுவார், தாய்மாமன் எங்கே என்று. கூப்பிட்டால் நீ பயப்படாதே, என்னைப் பார். இந்தமுறை நான் அங்கே இருப்பேன்.

மாமன் இல்லை என்று ஐயருக்கு நானே சொல்லுவேன். சொல்லிவிட்டு, பிள்ளையை மடியில் வாங்கி, பெயரை நான் சொல்லுகிறேன்.

அம்மா